போட்டோமாக் கரையில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு காட்டுப்பூ நடையின் மதிப்புரை

பதினோரு ஆண்டுகளாக வடக்கு வர்ஜீனியாவில் வசிக்கிறேன். இளவேனில் என்றால் வாஷிங்டன் நகரத்தின் செர்ரி மரங்கள்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். 1912ஆம் ஆண்டில் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 3,020 மரங்களில் தொடங்கிய அந்தப் பூக்காலத்தைப் பார்க்க மார்ச் இறுதியில் பெருங்கூட்டம் கூடுகிறது. ஊரிலிருந்து அந்த நேரத்தில் யார் வந்தாலும் நாங்களும் அங்கேதான் அழைத்துச் செல்வோம். ஆனால் அதே வாரங்களில், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஆற்றங்கரைப் பூங்காக்களின் தரையில், பெரும்பாலும் கணுக்கால் உயரத்தைத் தாண்டாத காட்டுப்பூக்கள் ஆயிரக்கணக்கில் மலர்ந்து, மரங்கள் தழைப்பதற்குள் மறைந்தும் போகின்றன என்பதை இந்த ஆண்டுதான் தெரிந்துகொண்டேன். அதைத் தெரியவைத்தது, இந்தப் பகுதியில் இயங்கும் ஒரு தன்னார்வக் குழு நடத்திய நான்கு நடைகள் கொண்ட வரிசை. அந்தச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற நடைகளைப் பலரும் நடத்துவதால், எதில் சேர்வது என்று முடிவு செய்பவருக்கு இங்கே சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

கட்டணம் நான்கு நடைகளுக்கும் சேர்த்து 60 டாலர். மார்ச் இரண்டாம் சனிக்கிழமையில் தொடங்கி, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், காலை எட்டு மணி முதல் பத்தரை மணி வரை நடை. முதல் நடையும் நான்காம் நடையும் ரிவர்பெண்ட் பூங்காவில்; இரண்டாவது டர்க்கி ரன் பூங்காவில்; மூன்றாவது சென்டர்வில் ஊரை ஒட்டிய புல் ரன் பூங்காவில். ஒவ்வொருவருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு லென்ஸை இரவலாகத் தந்தார்கள். வழிகாட்டி ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. முதல் நாள் அவர் சொன்ன முதல் விஷயம் லென்ஸைப் பிடிக்கும் முறைதான்: கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையைப் பூவிடம் தாழ்த்த வேண்டுமே தவிர, பூவைப் பறித்துக் கண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த நான்கு நாட்களில் மூன்றில் முழங்காலில் மண்ணோடுதான் வீடு திரும்பினேன்.

இந்தப் பூக்களின் வாழ்க்கை முழுவதும் வெளிச்சக் கணக்கில் அடங்கியிருக்கிறது. இலையுதிர்க் காட்டில் குளிர்காலம் முடிந்து மண் சற்றே இளகும் நாளுக்கும், ஓக், மேப்பிள், டுலிப் மரங்கள் தழைத்து மேலே இலைக்கூரை மூடும் நாளுக்கும் இடையில் ஒரு சில வாரங்கள் மட்டுமே சூரிய ஒளி தடையின்றித் தரையைத் தொடுகிறது. அந்த இடைவெளிக்குள் முளைத்து, இலை விரித்து, பூத்து, விதை முற்றி, அடுத்த ஆண்டுக்கான உணவை நிலத்தடிக் கிழங்கில் சேர்த்துவிட்டு, இவற்றில் பல மே மாத இறுதிக்குள் இலையும் இல்லாமல் மறைந்துவிடுகின்றன. மழையை வைத்துப் பூக்காலத்தைக் கணக்கிட்டுப் பழகிய ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு காடே மரங்களின் நிழலுக்கு முந்திக்கொண்டு பூக்கும் இந்த ஏற்பாடு புதிதாகவும் வியப்பாகவும் இருந்தது. வழிகாட்டி இதைப் பாடமாக நடத்தவில்லை. முதல் நடையில் ஒரு பெரிய மரத்தடியில் எங்களை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கிளைகளுக்கு இடையே வெறும் வானம் தெரிந்தது. கடைசி நடையில் அதே மரத்தடியில் நிறுத்தி மறுபடியும் பார்க்கச் சொன்னார். பச்சைத் தளிர்கள் வானத்தைப் பாதி மறைத்திருந்தன. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் நடையன்று குளிர் உறைநிலையை ஒட்டி இருந்தது. ரிவர்பெண்ட் பூங்கா, ஃபேர்ஃபாக்ஸ் மாவட்ட நிர்வாகத்தின் பராமரிப்பில், கிரேட் ஃபால்ஸ் என்னும் பெரிய அருவிக்கு மேற்புறமாகப் போட்டோமாக் ஆற்றோடு இரண்டு மைலுக்கு மேல் நீள்கிறது. சேறும் ஊற்றுநீரும் கலந்த ஒரு பள்ளத்தில் எங்களுக்கு முதலில் காட்டப்பட்டது பூ என்று யாரும் எளிதில் ஒப்புக்கொள்ளாத ஒன்று: கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்து, குவித்த உள்ளங்கை போல மண்ணிலிருந்து எழுந்த ஒரு தடித்த மடல், அதற்குள் உருண்டையான ஒரு பூக்கொத்து. ஸ்கங்க் கேபேஜ் என்பது இதன் பெயர். வேரில் சேமித்த மாவுப்பொருளை எரித்துத் தனக்கான வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு, சுற்றியிருக்கும் பனியை வட்டமாக உருக்கி வெளிவரும் செடி இது. பிப்ரவரியிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது. அழுகிய இறைச்சியை ஒத்த நாற்றத்தை வெளியிட்டு, குளிரிலும் பறக்கும் ஈக்களை அழைக்கிறது. படத்தை அன்று மாலையே அம்மாவுக்கு அனுப்பினேன். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் வாழும் அவர் பெயரைக்கூடக் கேட்காமல், "நம்ம கொல்லையில சேனை பூத்தா இப்படித்தானே இருக்கும், கிட்டப் போக முடியாதே" என்றார். சேம்பும் சேனையும் ஸ்கங்க் கேபேஜும் ஒரே தாவரக் குடும்பம் என்பதை வழிகாட்டி சொல்லக் கேட்டு நான் குறித்து வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

அந்தப் பள்ளத்தைத் தாண்டியதும் இந்தச் சேவையின் முதல் பெரிய குறை வெளிப்பட்டது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் ஸ்பிரிங் பியூட்டி என்னும் சிறு பூக்கள் ஏராளமாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் பார்த்ததோ புல்போன்ற இலைகளும் தலைகவிழ்ந்த மொட்டுகளும்தான். அவை மொட்டுகள் அல்ல, மலர்ந்து பின் இரவுக்காக மூடிக்கொண்ட பூக்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஸ்பிரிங் பியூட்டி வெயில் ஏறிக் காற்று சற்றே சூடான பிறகுதான் திறக்கும். மேகமூட்டமான நாளில் திறக்காமலே இருந்துவிடும். காலை எட்டு மணி பறவை பார்ப்பவர்களுக்கு உரிய நேரம். பூ பார்ப்பவர்களுக்கு, அதிலும் மார்ச் மாதத்தில், பதினொரு மணிக்கு முன் காட்டில் அதிக வேலை இல்லை. பூச்சிகள் பறக்கத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். நடையை நடத்துபவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வாகன நிறுத்தத்தில் இடம் கிடைப்பதற்காக முன்னதாகவே வைத்திருப்பதாகக் காரணம் சொன்னார்கள். காரணம் நியாயமானதே. ஆனாலும், மூடிய பூவைக் காட்டி, திறந்தால் எப்படி இருக்கும் என்று வாயால் சொல்லும் நிலையை ஒரு பூநடை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் நடையில் இதன் இழப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டர்க்கி ரன், ஜார்ஜ் வாஷிங்டன் நினைவுச் சாலையை ஒட்டித் தேசியப் பூங்காச் சேவை பராமரிக்கும் இடம். சாலை மட்டத்திலிருந்து ஆற்றுக்குச் செங்குத்தாக இறங்கும் பாதைகள் உண்டு. அந்தச் சரிவுகளில் பிளட்ரூட் பூத்திருந்தது. மண்ணிலிருந்து எழும்போது ஒரே ஓர் இலை பூத்தண்டைப் போர்வைபோலச் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ந்த காலையில் வெண்ணிற இதழ்களும் குவிந்து, முழுச் செடியும் மெழுகுவத்தியை நட்டு வைத்ததுபோல நிற்கும். எட்டரை மணிக்கு நாங்கள் பார்த்தது அதைத்தான். அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நடை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் திரும்ப இறங்கிப்போய், பன்னிரண்டு மணி வெயிலில் அதே இடத்தில் நின்றபோது, காலையில் எண்ணிய மெழுகுவத்திகள் அத்தனையும் தட்டையாக விரிந்து, நடுவில் மஞ்சள் மகரந்தத்தோடு வானத்தைப் பார்த்திருந்தன. ஒரு பிளட்ரூட் பூ நிலைப்பது மூன்று நாள் அளவுதான். தேன் கிடையாது, மகரந்தத்துக்காக மட்டுமே வண்டுகளும் சிறு தேனீக்களும் வருகின்றன. யாரும் வராவிட்டால், மூன்றாம் நாளில் தன் மகரந்தத்தைத் தானே சூலகமுடியில் சேர்த்துக்கொள்ளும். வேரையோ தண்டையோ காயப்படுத்தினால் செம்மஞ்சள் நிறச் சாறு வடிவதால்தான் இரத்தவேர் என்று பொருள்படும் பெயர். தரிசில் வளரும் பிரம்மதண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடிவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

டச்மேன்ஸ் பிரீச்சஸ் என்ற பூவையும் அங்கேதான் பார்த்தேன். கால்சட்டையைக் கொடியில் தலைகீழாகக் காயப்போட்டதுபோல வெண்பூக்கள் வரிசையாகத் தொங்கும். தேன், கால்சட்டையின் கால் நுனிகளில் இருக்கிறது. அதை எட்டும் நீளமான நாக்கு, குளிர்கால உறக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்த இராணிப் பம்பிள் தேனீக்களுக்கு உண்டு. குட்டை நாக்கு உள்ள சில தேனீக்கள் பூவின் நுனியை வெளிப்புறத்திலிருந்து துளைத்துத் தேனை எடுத்துவிட்டு, மகரந்தம் எதையும் சுமக்காமல் போய்விடுகின்றன. துளைபட்ட பூ ஒன்றை வழிகாட்டி லென்ஸில் காட்டினார். ஆனால் அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது, நான் வரிசையில் முன்னால் இருந்ததால் மட்டுமே. அன்று இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். ஒற்றையடிப் பாதையில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றால் பத்தாவது ஆளுக்குப் பிறகு குரல் எட்டாது. பின்னால் இருப்பவர்கள் பார்ப்பதற்காகப் பாதையின் ஓரத்தில் கால் வைப்பார்கள். பாதையின் ஓரம்தான் இந்தப் பூக்கள் முளைக்கும் இடம். பூவைக் காக்க வேண்டும் என்று சொல்லும் நடையிலேயே பூ மிதிபடுவதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. கட்டணத்தை 100 டாலராக உயர்த்தினாலும் நான் மறுக்காமல் தருவேன்.

அந்த நடையின் மிக முக்கியமான பாடம் அழகான ஒன்றைக் குறித்து நான் செய்த தவறிலிருந்து வந்தது. ஆற்றோரத் தாழ்நிலம் முழுவதும் பளபளப்பான பச்சை இலைகளுக்கு மேல் பொன்மஞ்சள் பூக்கள் விரிப்பாகப் படர்ந்திருந்ததைக் கண்டு, "இதுதானே நாம் தேடி வந்தது?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன். வழிகாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த விரிப்புக்குள் வேறு ஏதாவது ஒரு செடியைக் கண்டுபிடித்துக் காட்டும்படி எங்களிடம் சொன்னார். யாராலும் முடியவில்லை. அது லெஸர் செலண்டைன். ஐரோப்பாவிலிருந்து தோட்டச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, இங்கே ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்ட அயல் தாவரம். கிழங்குகளாலும் இலைக்கக்கத்தில் உருவாகும் சிறு குமிழ்களாலும் பெருகுகிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் அவை அடித்துச் செல்லப்பட்டுக் கீழ்நிலங்களில் புதிதாக வேர்விடுகின்றன. இந்த மண்ணின் சிறுபூக்கள் பயன்படுத்தும் அதே சில வார வெளிச்சத்தை, அவற்றுக்குச் சற்று முன்பாகவே முளைத்து இது முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்த அந்த மஞ்சள் பரப்பு உண்மையில் காலியான நிலம் என்பதை உணர்ந்தபோது, அதுவரை நான் பூங்காக்களில் எடுத்த பல படங்கள் நினைவுக்கு வந்தன. இந்த ஒரு பத்து நிமிடத்துக்காகவே இந்தச் சேவையைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன். புத்தகத்திலோ கைபேசிச் செயலியிலோ செடியின் பெயர் கிடைத்துவிடும். அதன் நடுவில் எதுவும் இல்லை என்பதைப் பார்க்க வைப்பதற்கு, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மான்களைப் பற்றியும் அன்று பேசினார். வேட்டையாடும் பெரிய விலங்குகள் அற்றுப்போன இந்தப் புறநகர்க் காடுகளில் வெள்ளைவால் மான்கள் பெருகி, இளந்தளிர்களைத் தரைமட்டம்வரை மேய்கின்றன. ஆனால் அயல் செடிகள் பலவற்றை அவை தொடுவதில்லை. வேலியிட்டு மான்களைத் தடுத்த இடத்தையும் வெளியே உள்ள இடத்தையும் அருகருகே காட்டினால் இந்த விளக்கம் இன்னும் ஆழமாகப் பதியும். அதற்கேற்ற இடத்தை அவர்கள் நடையில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நடை, ஏப்ரல் முதல் வாரம், புல் ரன். இது பலரும் அறிந்த இடம். ஓடையை ஒட்டிய வண்டல் நிலத்தில் வர்ஜீனியா புளூபெல் பூக்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பூத்திருக்கும். மொட்டு இளஞ்சிவப்பு, மலர மலர நீலமாகிறது. இதழின் செல்களில் உள்ள அமிலத்தன்மை மாறுவதே இதற்குக் காரணம். ஒரே தண்டில் இரண்டு நிறங்களையும் பார்க்கலாம். இதுவரை நான் பார்த்த காட்டுப்பூ இடங்களில் இதைவிடச் சிறந்த காட்சி வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆயினும், நான்கு நடைகளில் நான் மிகக் குறைவாகக் கற்றது இங்கேதான். குடும்பங்களும், படம் எடுப்பவர்களும், திருமணப் புகைப்படக் குழுவினரும் நிறைந்த பாதையில் எங்கள் குழுவும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. எங்கும் முழங்காலிட இடமில்லை. புளூபெல் பரப்பை யாரும் வழிகாட்டி இல்லாமலே சென்று பார்க்கலாம். பாதை தெளிவாக இருக்கிறது. பூ எங்கே என்று தேட வேண்டிய தேவை இல்லை. கட்டணம் கொடுத்துச் சேர்ந்த நடையில் ஒரு வாரத்தை இதற்குச் செலவிட்டது சரியான திட்டமிடல் அல்ல.

நான்காம் நடைக்கு நாங்கள் மீண்டும் ரிவர்பெண்டுக்கு வந்தோம். இந்த வரிசையின் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்பது அந்தக் காலையில்தான் எனக்கு விளங்கியது. மார்ச்சில் வெறும் சருகாகக் கிடந்த அதே சரிவு. அப்போது அங்கே கைவிரல் அளவுக்கு எழுந்திருந்த ஊதா கலந்த முளைகளைக் காட்டி, அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார். ஏப்ரலில் அவை முழங்கால் உயரப் புளூபெல் செடிகளாகி, பூத்து, உதிரத் தொடங்கியிருந்தன. ஸ்கங்க் கேபேஜ் பள்ளத்தில் மடல்கள் அழுகி மறைந்து, சேம்பிலையை நினைவூட்டும் பெரிய இலைகள் சேற்றை மூடியிருந்தன. சரிவின் மேற்பகுதியில் பழுப்புப் புள்ளிகள் படிந்த இலைகள் நூற்றுக்கணக்கில் தரையோடு கிடந்தன. இது ட்ரவுட் லில்லி. டிரவுட் மீனின் உடற்புள்ளிகளைப் போன்ற இலை என்பதால் இந்தப் பெயர். அத்தனை இலைகளுக்கு நடுவில் எங்களால் எண்ண முடிந்தது ஒன்பது பூக்கள் மட்டுமே. மஞ்சள் இதழ்கள் செங்காந்தளின் இதழ்கள்போல முழுவதும் பின்னோக்கி வளைந்து, தலை கீழே கவிழ்ந்திருந்தது. ஒற்றை இலை உள்ள செடி பூக்காது. பல ஆண்டுகள் கிழங்கில் உணவு சேர்த்து இரண்டு இலை விடும் நிலைக்கு வந்த பிறகே பூக்கும். காலடியில் கிடக்கும் ஓர் இலை எத்தனை இளவேனில்களின் சேமிப்பு என்று தெரிந்த பிறகு, பாதையை விட்டு விலகிக் கால் வைக்க எவருக்கும் மனம் வராது. எங்கள் குழுவில் அன்று ஒருவரும் வைக்கவில்லை. மழை அச்சுறுத்தலால் பதினொரு பேர் மட்டுமே வந்திருந்ததும் அதற்கு உதவியது.

அதே மழைமேகத்தால் அன்றைய நடை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது என் நல்வாய்ப்பு. வெயில் வந்தபோது ஸ்பிரிங் பியூட்டி பூக்கள் எங்கள் கண்முன்னாலேயே திறந்தன. ஐந்து வெண்ணிற இதழ்கள், ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் தேன் இருக்கும் இடத்துக்குத் தேனீக்கு வழிகாட்டுகின்றன. இந்தப் பூவின் மகரந்தத்தையே முதன்மையாக நம்பித் தன் குஞ்சுகளை வளர்க்கும் ஒரு சிறு மண்தேனீ உண்டு. அதன் கால்களில் இளஞ்சிவப்பு மகரந்தம் அப்பியிருந்ததை லென்ஸில் பார்த்தேன். அந்தத் தேனீயின் ஆண்டு முழுவதும் இந்தப் பூவின் சில வாரங்களோடு முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களை மண்ணுக்குள் கழிக்கிறது. செடியின் அறிவியல் பெயரான கிளேட்டோனியா வர்ஜினிகா, பதினெட்டாம் நூற்றாண்டில் இதே வர்ஜீனியாவில் மாவட்ட எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே செடிகளைச் சேகரித்த ஜான் கிளேட்டனின் நினைவாக வைக்கப்பட்டது. முன்பு இதைப் பருப்புக்கீரையின் குடும்பத்தில் வகைப்படுத்தியிருந்தார்கள் என்று தெரிந்தபோது, அந்தச் சதைப்பற்றான இலைகளைப் பார்த்து ஏன் பழகிய உணர்வு வந்தது என்பது புரிந்தது.

பிளட்ரூட், ட்ரவுட் லில்லி, ஸ்பிரிங் பியூட்டி, டச்மேன்ஸ் பிரீச்சஸ் ஆகிய நான்கின் விதைகளையும் எறும்புகள்தான் பரப்புகின்றன என்பதையும் அன்று கற்றேன். விதையோடு ஒட்டிய கொழுப்பு நிறைந்த ஒரு சிறு சதைப்பகுதிக்காக எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, அந்தச் சதையைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பை சேரும் மண்ணில் போட்டுவிடுகின்றன. எறும்பு நடக்கும் தூரம்தான் அந்தச் செடி ஓராண்டில் பயணம் செய்யும் தூரம். ஆகவே, ஒருமுறை உழப்பட்டுப் பின் மீண்டும் காடான நிலத்தில் மரங்கள் ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்துவிடலாம், ஆனால் தரைப்பூக்கள் திரும்பி வருவதற்கு அதைவிட மிக நீண்ட காலமாகும். இந்தப் பூக்கள் அடர்ந்திருக்கும் சரிவு, யாரும் அதிகம் கலைக்காத பழைய மண் என்பதற்குச் சாட்சி. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள அடர்ந்த காட்டில் ஒரு ஸ்பிரிங் பியூட்டிகூட ஏன் இல்லை என்று அடுத்த நாள் போய்த் தேடியபோது, அங்கே பழைய சோளக்கொல்லையின் வரப்புகள் இன்னும் தெரிவதைக் கண்டேன். பதினோரு ஆண்டுகளாக அந்த வரப்புகளின் மேல் நடந்திருக்கிறேன்.

இனிச் சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். அச்சிட்டுத் தந்த பூப்பட்டியல் பயனற்றது. பூக்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள், பூக்கும் வரிசையில் அல்ல. நான் என் பிரதியில் எந்த வாரம் எது திறந்தது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்புகள்தான் அடுத்த ஆண்டுக்கு உதவும். லென்ஸ் தரமானது, ஆனால் இரவல் என்பதால் நடை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அதே வகை லென்ஸ் அதிக விலையில்லாமல் கிடைப்பதால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஏப்ரல் தொடங்கியதும் உண்ணிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன, அவற்றின் கடியால் பரவும் லைம் நோய் இந்தப் பகுதியில் சாதாரணம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு நடப்பதும், வீடு வந்ததும் உடம்பைச் சோதிப்பதும் அவசியம். இதைக் குழுவினர் முதல் நாளே வலியுறுத்தியது பாராட்டத்தக்கது. டர்க்கி ரன் சரிவு முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. ரிவர்பெண்டின் ஆற்றோரப் பாதை பெரும்பாலும் சமமானது. ஊரிலிருந்து வரும் பெற்றோரை அங்கே அழைத்துச் செல்லலாம். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இந்த நடையில் சேர்க்க மாட்டார்கள். குழந்தைகளின் கண் தரைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதை நினைக்கும்போது இந்த விதி எனக்கு ஏற்புடையதாக இல்லை.

என் மதிப்பீடு இதுதான்: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், திட்டமிடலுக்குப் பாதி. நான்கு நடைகளில் மூன்று பூங்காக்கள் என்பது விளம்பரத்தில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் சில வாரங்களில் தோன்றி மறையும் பூக்களை அறிய ஒரே வழி, ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான். முதல் நடையும் கடைசி நடையும் ஒரே இடத்தில் அமைந்தது பூங்காவில் இடம் கிடைத்த வசதியால் நேர்ந்தது என்று பிறகு சொன்னார்கள். அதைத் திட்டமாகவே ஆக்கி, நான்கு நடைகளையும் ரிவர்பெண்டின் அந்த ஒரு சரிவில், பதினொரு மணிக்கு, பன்னிரண்டு பேரோடு நடத்தினால், இந்தப் பகுதியில் இதற்கு ஈடான சேவை இருக்காது. இந்தக் கருத்துகளை அவர்களுக்குக் கடிதமாகவும் அனுப்பியிருக்கிறேன்.

அதோடு ஐந்தாவதாக ஒரு நடையையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். மே மாதக் கடைசி ஞாயிறன்று நான் தனியாக அங்கே போனேன். இலைக்கூரை முழுவதும் மூடிவிட்டதால் நண்பகலிலும் பாதை மங்கலாக இருந்தது. ட்ரவுட் லில்லி இருந்த இடத்தில் ஒரு புள்ளி இலைகூட இல்லை. புளூபெல் செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்து, சேற்றில் ஒட்டிக் கிடந்தன. அந்த வழியே ஓடி வந்த இருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, எதுவும் தெரியாததால் தொடர்ந்து ஓடினார்கள். பிளட்ரூட்டின் அகன்ற இலைகள் மட்டும் இன்னும் பச்சையாக நின்றன. அவற்றின் கீழே பிளந்திருந்த விதையுறை ஒன்றிலிருந்து எறும்புகள் ஒரு விதையை இழுத்துக்கொண்டு போயின. லென்ஸை எடுத்துக்கொண்டு மீண்டும் முழங்காலிட்டேன்.